குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் எந்தக் கதவை முதலில் தட்டுவது? இழப்பீட்டு வழிகள்: ஓர் ஒப்பீடு

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டது. மருத்துவச் செலவுக்கு நகை அடகுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு உறவினர்கள் ஆளுக்கொரு யோசனையோடு வருகிறார்கள். "கலெக்டரிடம் மனு கொடு" என்கிறார் ஒருவர். "கேஸ் முடியட்டும், ஜட்ஜே வாங்கிக் கொடுப்பார்" என்கிறார் மற்றொருவர். "சிவிலில் போட்டால்தான் பெரிய தொகை" என்கிறார் தெரிந்த வக்கீல் குமாஸ்தா. இதற்கு நடுவே எதிர்த்தரப்பின் ஆள் ஒருவர் வந்து, ஒரு தொகையைச் சொல்லி, "ராஜியாகப் போய்விடலாமே" என்று கேட்டுவிட்டுப் போகிறார். இவற்றில் எதன் பின்னால் போவது என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு கஜானாவிலிருந்து வர வேண்டியதை முதலில் கேளுங்கள். குற்றவாளியின் சட்டைப் பையை நம்பி மருத்துவமனைக் கட்டிலில் காத்திருக்காதீர்கள். இந்த வழிகளில் பெரும்பாலானவை ஒன்றையொன்று அடைத்துவிடுவதில்லை. ஒன்றில் மனுக் கொடுத்ததால் மற்றொன்றின் உரிமை போய்விடாது. எதை இந்த வாரமே கேட்பது, எதைத் தீர்ப்பு வரை ஒத்திப்போடுவது என்ற வரிசையைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே பேசப்போவது தமிழ்நாட்டில், உடலுக்கும் உயிருக்கும் எதிரான குற்றங்களைப் பற்றி: கொலை, கொடுங்காயம், பாலியல் குற்றங்கள், ஆசிட் வீச்சு, சாதி வன்கொடுமை. பணத்தையோ நகையையோ மட்டும் இழந்தவர்களுக்கு இந்த இழப்பீட்டுத் திட்டங்கள் பயன்படுவதில்லை. இணையவழிப் பண மோசடி என்றால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் உண்டு. சாலை விபத்துக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது. இடித்துவிட்டு நிற்காமல் போன வாகனம் என்றால் 2022 முதல் நடைமுறையில் உள்ள தனித் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய்.

## எதை வைத்து எடைபோடுவது

"எவ்வளவு கிடைக்கும்" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. நான் அதைக் கடைசியில் வைப்பேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இவை.

முதலாவது, பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது? அரசிடமிருந்தா, குற்றம் செய்தவரிடமிருந்தா? கூலிவேலை செய்யும் ஒருவருக்கு எதிராகப் பத்து லட்சத்துக்கு உத்தரவு வாங்கி என்ன செய்வது?

இரண்டாவது, தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டுமா? வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுகள் ஓடும் வழக்கில் இந்தக் கேள்வியின் கனம் தானே புரியும்.

மூன்றாவது, குற்றவாளி பிடிபடாவிட்டால் அல்லது விடுதலையாகிவிட்டால் என்ன ஆகும்?

நான்காவது, மறைந்திருக்கும் செலவு. இழந்த நாள்கூலி, நகல்களுக்கும் பயணத்துக்கும் ஆகும் பணம், நடந்ததை மேசைக்கு மேசை திரும்பச் சொல்ல வேண்டிய வேதனை, ஊரில் எழும் நெருக்கடி எல்லாமே இதில் சேரும்.

| அளவுகோல் | அரசு இழப்பீட்டுத் திட்டம் | வன்கொடுமை தீருதவி (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான நிவாரணம்) | குற்றவியல் நீதிமன்ற உத்தரவு | சிவில் வழக்கு |
|---|---|---|---|---|
| பணம் தருபவர் | அரசு | அரசு | குற்றவாளி | எதிராளி |
| கேட்கும் இடம் | மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு | மாவட்ட ஆட்சியர் | வழக்கு நடக்கும் நீதிமன்றம் | சிவில் நீதிமன்றம் |
| தண்டனை தேவையா | தேவையில்லை | பெரும்பகுதிக்குத் தேவையில்லை | கட்டாயம் தேவை | தேவையில்லை |
| குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டால் | கேட்கலாம் | கடினம் | வழியில்லை | வழியில்லை |
| சட்டம் சொல்லும் வேகம் | விசாரணை 2 மாதத்துக்குள் | 7 நாளில் தொடக்கம், பிறகு கட்டம் கட்டமாக | மேல்முறையீடு முடிந்த பின் | ஆண்டுக் கணக்கு |
| தொகை | பட்டியல் உண்டு | பட்டியல் உண்டு | நீதிபதியின் முடிவு | நிரூபிக்கும் இழப்பைப் பொறுத்தது |
| கட்டணம் | இல்லை | இல்லை | இல்லை | கேட்கும் தொகையில் 3 சதவீதம் |

## அரசு இழப்பீட்டுத் திட்டம்

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த 357ஏ பிரிவுதான் இதற்கு அடிப்படை. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 396ஆம் பிரிவாகியிருக்கிறது. தமிழ்நாடு 2013இல் தன் பொதுத் திட்டத்தை வகுத்தது. பெண்களைப் பொறுத்தவரை, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018இல் வகுத்த தனித் திட்டத்தை, நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. மத்திய அரசு தனி விதிகளை இறுதி செய்யும் வரை போக்சோ வழக்குகளில் குழந்தைகளுக்கும், சிறுவர் சிறுமியர் இருபாலருக்கும், அதையே வழிகாட்டியாகக் கொள்ளவும் அது உத்தரவிட்டது.

தண்டனையை எதிர்பார்த்து நிற்காதது இந்த வழியின் பெரிய பலம். குற்றவாளி யாரென்று தெரியவில்லை, விசாரணையே தொடங்கவில்லை என்றாலும் பாதிக்கப்பட்டவர் நேராக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். வழக்கு விடுதலையில் முடிந்தாலும், மறுவாழ்வு தேவை என்று கருதினால் நீதிமன்றமே இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். "கேஸ் தோற்றுவிட்டது, இனி ஒன்றும் கிடைக்காது" என்று ஒதுங்கிவிட்ட குடும்பங்கள் இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டாலே போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெண்களுக்கான 2018 திட்டத்தின் தொகைப் பட்டியலில் உயிரிழப்புக்கும் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கும் 5 முதல் 10 லட்சம் ரூபாய், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். பாதிக்கப்பட்டவர் சிறுமி என்றால் உச்சவரம்பு பாதிப் பங்கு கூடும். ஆசிட் வீச்சில் இன்னொரு கெடுவும் உண்டு: முதல் ஒரு லட்சம் ரூபாய் சம்பவம் நடந்த 15 நாளுக்குள் கைக்கு வர வேண்டும் என்று லட்சுமி வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கொல்லப்பட்டவரோ காயமடைந்தவரோ ஆண் என்றால் மாநிலத்தின் பொதுத் திட்டம்தான். அதன் பட்டியல் வேறு, கெடு வேறு. கணவனைப் பறிகொடுத்தவளின் அடுப்பும் ஒரே மாதிரிதான் அணைகிறது. சட்டம் மட்டும் செத்தவர் யார் என்று பார்த்துப் பட்டியலை மாற்றுகிறது. இது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இன்றைய நிலை இதுதான்.

இறுதித் தொகைக்குக் காத்திருக்க முடியாதவர்கள் இடைக்கால நிவாரணம் கேட்க வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் சான்றோ குற்றவியல் நடுவரின் சான்றோ இருந்தால் உடனடி மருத்துவ உதவியை இலவசமாக வழங்க ஆணைக்குழு உத்தரவிடலாம். இடைக்கால இழப்பீடு வழங்குவது நீதிமன்றங்களின் கடமை, அதுவும் வழக்கை முதன்முதலாகக் கையில் எடுக்கும் கட்டத்திலேயே யோசிக்க வேண்டியது என்று சுரேஷ் எதிர் ஹரியாணா வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. போக்சோ வழக்கு என்றால் வழி இன்னும் எளிது. உணவு, உடை, பயணம் போன்ற அவசரத் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள்ளும், சிறப்பு நீதிமன்றம் இழப்பீடு உத்தரவிட்டால் 30 நாளுக்குள்ளும் பணம் வழங்கப்பட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

இனி மறைந்திருக்கும் செலவுகள். வந்த பணம் முழுவதும் கைக்கு வராது. 2018 திட்டத்தின்படி வயது வந்தவருக்கு 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு வைப்புத் தொகையாகப் போடப்படும். 25 சதவீதம்தான் உடனே எடுக்கக் கிடைக்கும். சிறுமி என்றால் 80 சதவீதம் அவள் வயதுக்கு வரும் வரை வங்கியில் இருக்கும். ஐந்து லட்சம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டுக் கடன்காரர்கள் வாசலுக்கு வந்த பிறகு, கையில் இருப்பது ஒன்றேகால் லட்சம்தான் என்று அவர்களுக்கு விளக்குவது எளிதல்ல. ஆனால் இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். முழுத் தொகையும் கைக்கு வந்தால் அது பெண்ணுக்கு நிற்குமா, வீட்டு ஆண்களின் கணக்கில் கரையுமா என்பது நமக்குத் தெரியாததல்ல. மருத்துவம், படிப்பு போன்ற அவசியங்களுக்கு வைப்பிலிருந்து எடுக்க அனுமதி கேட்கவும் வழி இருக்கிறது. இழப்பீடு வரும் கணக்கு பாதிக்கப்பட்டவரின் பெயரில் மட்டும் இருக்கட்டும். கூட்டுக் கணக்கு வேண்டாம்.

இன்னொரு செலவு, காத்திருப்பு. சட்டம் இரண்டு மாதம் என்று சொன்னாலும், காவல் நிலையத்திலிருந்து அறிக்கை வருவது, மருத்துவச் சான்று வருவது, நிதி ஒதுக்கீடு வருவது என்று ஒவ்வொன்றும் ஒரு சங்கிலியின் கண்ணி. விண்ணப்பத்தோடு ஆவணங்களை முழுமையாகக் கொடுத்துவிட்டால் அந்தச் சங்கிலியில் குறைந்தது நம் பக்கக் கண்ணியாவது அறுபடாது. பெண்களுக்கான திட்டத்தில் விண்ணப்பிக்க மூன்று ஆண்டு கெடு இருக்கிறதே என்று சாவகாசமாக இருந்துவிட வேண்டாம். ஆண்டு கடந்தால் காயத்துக்கான சான்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

## வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் தீருதவி

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர். குற்றம் செய்தவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவர். இந்த இரண்டும் பொருந்தினால், மற்ற வழிகளுக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். 1995ஆம் ஆண்டு விதிகள், 2016 திருத்தத்துக்குப் பிறகு, குற்றத்தின் தன்மைக்கேற்ப 85 ஆயிரம் முதல் 8 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் வரை தீருதவி தருகின்றன. தமிழ்நாடு அரசு பின்னர் இதன் உச்சத்தை 12 லட்சமாக உயர்த்தியது.

இதன் சிறப்பு, கட்டம் கட்டமாக வருவது. கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. தீர்ப்புக்கு வேலையே இல்லை. பாலியல் வன்கொடுமையில் மருத்துவப் பரிசோதனைக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகையின்போது கால் பங்கு, விசாரணை முடிந்ததும் கால் பங்கு. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது போன்ற குற்றங்களில் மட்டும் கடைசிக் கால் பங்கு, தண்டனை கிடைத்தால்தான்.

பணத்தோடு முடிவதில்லை என்பதும் முக்கியம். கொலை, பாலியல் வன்கொடுமை, நிரந்தர ஊனம் போன்ற கொடிய குற்றங்களில் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம், ஒருவருக்கு வேலை, தேவைப்பட்டால் வீடும் நிலமும், பிள்ளைகளின் பட்டப்படிப்பு வரையிலான செலவு, மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு என்று விதிகளின் இணைப்பில் ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது. தொகை கணக்கில் ஏறியதும் கோப்பு மூடப்பட்டுவிடாமல் இவற்றை எழுத்து மூலம் கேட்க வேண்டும். வழக்குக்காக அலையும் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணக் கட்டணமும் அந்த நாளுக்கான கூலியும் கொடுக்க வேண்டும் என்று 11ஆவது விதி சொல்கிறது. பஸ் டிக்கெட்டை எடுத்து வைத்துக் கேட்பவர்கள் குறைவு.

எங்கே சறுக்குகிறது? முதல் தகவல் அறிக்கையில். அடிதடிப் பிரிவை மட்டும் போட்டு, வன்கொடுமைப் பிரிவை விட்டுவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் எதுவும் நகராது. அறிக்கையின் நகல் இலவசம்; வாங்கியதும் பிரிவுகளைப் படித்துப் பாருங்கள், அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். விட்டுப்போயிருந்தால் பிரிவு மாற்றம் கேட்டுக் காவல் துணைக் கண்காணிப்பாளருக்கும் கண்காணிப்பாளருக்கும் மனுக் கொடுக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் கையில் இருப்பது இங்கே பாதி வேலை. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் பட்டியல் சாதிக் கணக்கில் வராததால் இந்த வழி அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. அவர்கள் முதல் வழிக்குத்தான் போக வேண்டும்.

மறைந்த செலவு என்றால் ஊர் நெருக்கடிதான். தீருதவி வந்த செய்தி பரவியதும் "காசுக்காகக் கேஸ் போட்டார்கள்" என்ற பேச்சு எழும். கட்டப்பஞ்சாயத்து கூடும். அந்த நேரத்தில் நினைவில் வைக்க வேண்டிய விதி 12(5): இந்தத் தீருதவி, வேறு சட்டங்களின் கீழ் இழப்பீடு கேட்கும் உரிமைக்குக் கூடுதலானது. அதாவது, இதை வாங்கிய பிறகும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுப் போடலாம். வாங்கியதை அந்த மனுவில் மறைக்க வேண்டாம். ஆணைக்குழு தொகையை முடிவு செய்யும்போது மற்ற வழிகளில் வந்ததையும் பார்க்கும். மறைத்தது தெரிந்தால் மனுதாரர் சொல்லும் மற்றதெல்லாம் சந்தேகத்துக்கு ஆளாகும்.

## குற்றவியல் நீதிமன்றம் தண்டனையோடு விதிக்கும் இழப்பீடு

புதிய சட்டத்தில் இது 395ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 357. அபராதத் தொகையிலிருந்து பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லலாம். அபராதமே விதிக்காத தண்டனையிலும் தனியாக இழப்பீடு கட்டச் சொல்லலாம். ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீட்டைப் பற்றி நீதிபதி மனம் செலுத்தியே ஆக வேண்டும் என்று அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1988இல், ஹரி சிங் வழக்கிலும் இந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தச் சொல்லியிருந்தது. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே கீழே என்ன நடக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வழியின் இடையூறுகள் வெளிப்படையானவை. தண்டனை கிடைக்க வேண்டும். குற்றவாளியிடம் பணம் இருக்க வேண்டும். அபராதத்திலிருந்து வரும் தொகை, மேல்முறையீட்டுக் கெடு முடியும் வரையோ, மேல்முறையீடு செய்திருந்தால் அது தீரும் வரையோ கைக்கு வராது.

அப்படியானால் எப்போது இது நல்லது? எதிராளி வசதியானவர், சாட்சியம் வலுவானது, காயத்தின் தன்மையால் அரசுத் திட்டத்தில் சிறிய தொகைதான் வரும் என்ற நிலையில். உதாரணமாக, வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் கையை உடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அரசு வழக்கறிஞரிடம், வாதம் முடிவதற்கு முன்பே, மருத்துவ ரசீதுகளையும் இழந்த வருமானக் கணக்கையும் எழுத்தில் கொடுங்கள். அவர் மேசையில் நூறு கட்டுகள் இருக்கும். உங்கள் கட்டில் கணக்கு இல்லையென்றால் நீதிபதிக்கு முன்னால் அவர் சொல்ல ஒன்றும் இருக்காது.

## சிவில் வழக்கு

பெரும்பாலானோருக்கு இது வேண்டாம். தமிழ்நாட்டில் 2017இல் நீதிமன்றக் கட்டணம் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். ஆனாலும் பத்து லட்சம் கேட்டால் 30 ஆயிரம் ரூபாய் முதலிலேயே கட்ட வேண்டும். வென்ற பிறகும் தொகையை வசூலிக்க நிறைவேற்று மனு என்று இன்னொரு வழக்கு இருக்கிறது. குற்ற வழக்கில் கிடைத்த இழப்பீட்டையும் சிவில் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். சொத்துள்ள எதிராளி, வாழ்நாள் முழுவதும் நீளும் பெரிய வருமான இழப்பு, காத்திருக்கும் தெம்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் ஒரு நல்ல வழக்கறிஞரிடம் கேட்டுப் பாருங்கள்.

## காவலிலேயே நடந்தது என்றால்

காவல் நிலையத்தில் அல்லது சிறையில் நடந்த மரணமும் சித்திரவதையும் தனி வகை. அங்கே அரசே பொறுப்பாளி. உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு மூலம் இழப்பீடு கேட்கும் வழியை 1983இல் ருதுல் ஷா வழக்கும், 1993இல் நிலபதி பெஹரா வழக்கும் திறந்துவிட்டன. மாநில மனித உரிமை ஆணையத்திலும் புகார் செய்யலாம். மேலே சொன்ன நான்கு வழிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளாமல் நேராக உயர் நீதிமன்றத்தின் சட்டப் பணிகள் குழுவை அணுகுவது நல்லது.

## பணமாகவா, உதவியாகவா?

சட்டத்தில் இது ஒரு தேர்வாகவே இல்லை, இரண்டும் உண்டு. ஆனால் முதல் வாரத்தில் பணத்தைவிடப் பெரிய தேவைகள் இருக்கும்: இரவு தங்க ஓர் இடம், காவல் நிலையத்துக்குத் துணை, பேசுவதற்கு ஒரு ஆள். 2015 ஏப்ரல் முதல், பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் தொடங்கப்பட்ட 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டந்தோறும் இதற்காகவே இருக்கின்றன. ஐந்து நாள் வரை தங்கலாம். மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, காவல் துறைத் தொடர்பு எல்லாம் ஒரே இடத்தில். 181 எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். பிள்ளைகளுக்கு 1098. பாலியல் குற்றம், ஆசிட் வீச்சு ஆகியவற்றில் அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியார் மருத்துவமனையும் உடனடிச் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் அது குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. முன்பணம் கட்டச் சொல்லும் வரவேற்பு மேசையில் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

2013இல் ஆயிரம் கோடி ரூபாயுடன் தொடங்கிய நிர்பயா நிதியிலிருந்து 200 கோடி, மாநில இழப்பீட்டுத் திட்டங்களுக்கு ஒரு முறை மானியமாகப் போனது. அதே நிதியிலிருந்து சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களுக்குப் பாதுகாப்பான நகரத் திட்டமும் வந்தது. கேமராக்களும் ரோந்தும் விளக்கும் அதில் அடக்கம். குற்றத்தைத் தடுப்பதற்கும் குற்றத்துக்குப் பின் தாங்கிப்பிடிப்பதற்கும் ஒரே பை. கேமரா கம்பத்துக்கு அமைச்சர் வந்து நாடா வெட்டுவார். பாதிக்கப்பட்ட பெண்ணோடு நீதிமன்றத்துக்குப் போய் உட்காரும் ஆலோசகரின் சம்பளத்துக்கு யாரும் நாடா வெட்ட மாட்டார்கள். நிதி எங்கே போகிறது என்று உள்ளூர் கூட்டங்களில் கேட்பவர்கள் இரண்டாவதைப் பற்றியும் கேட்க வேண்டும்.

## உங்கள் நிலைமைக்கு எது முதலில்

சம்பாதிக்கும் ஆள் கொல்லப்பட்டார், கொலையாளி யாரென்று தெரியவில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுதான். வேறு கதவே இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு உடனே விண்ணப்பியுங்கள், அதுதான் தாமதமாகும்.

சாதி வன்கொடுமை. முதலில் தீருதவி, அது தொடங்கியதும் ஆணைக்குழுவில் மனு, தீர்ப்பின்போது நீதிமன்ற இழப்பீடு. மூன்றும் அடுத்தடுத்து.

போக்சோ வழக்கு. குழந்தைகள் நலக் குழுவின் அவசர உதவி, சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு. ராஜிப் பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். இது சமரசம் செய்துகொள்ளக் கூடிய குற்றமல்ல. வாங்கிய பணம் பின்னால் சாட்சியத்தையே கெடுக்கும்.

கணவரின் அடி. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில், பராமரிப்பும் மருத்துவச் செலவும் கணவரிடமே கேட்கலாம். மன உளைச்சலுக்குத் தனி இழப்பீடும் உண்டு. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் தொடங்குங்கள். கொடுங்காயம் என்றால் ஆணைக்குழுவிலும் சேர்த்து.

வசதியான எதிராளி, பிழைத்துவிடக் கூடிய காயம். குற்றவியல் நீதிமன்ற இழப்பீட்டுக்குக் கணக்கைத் தயார் செய்யுங்கள்.

எந்த வழியானாலும் ஒரே கோப்பு போதும்: முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவ ரசீதுகள், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், தேவைப்பட்டால் சாதிச் சான்றும் வாரிசுச் சான்றும். ஒவ்வொன்றிலும் மூன்று நகல். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கறிஞர் இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று பேரம் பேசும் எவருக்கும் ஒரு காசும் தர வேண்டியதில்லை. ஆணைக்குழு குறைவாகத் தந்தாலும் மறுத்தாலும், உத்தரவின் நகலை வாங்கிக் கெடுவுக்குள் மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் நடக்காவிட்டால் உயர் நீதிமன்றம். வாய்மொழியாக "நிதி இல்லை" என்று திருப்பி அனுப்பினால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள்.